அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ரெஸ்யூம் எழுதுவது எப்படி: நோட்டில் தொடங்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவது வரை

திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் பல வருடம் இருந்தேன். ஆள் எடுக்கும்போதெல்லாம் வருகிற ரெஸ்யூம்களை முதலில் படித்துப் பிரிப்பது என் பொறுப்பு. ஒருமுறை, ஆடிட்டர் ஆபீஸில் 2 வருடம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் ரெஸ்யூமைப் படித்துவிட்டு வேண்டாம் என்ற கட்டுக்குள் வைத்துவிட்டேன். அதில் லட்சியம் என்று 5 வரி இருந்தது, கடின உழைப்பாளி, நேர்மையானவர், எல்லோரோடும் சேர்ந்து வேலை செய்பவர் என்று குணங்கள் வரிசையாக இருந்தன, ஆனால் அந்த 2 வருட வேலைக்கு மட்டும் "அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்" என்று ஒரே ஒரு வரி. நாங்கள் முடிவு செய்திருந்த ஆள் கடைசி நேரத்தில் வராமல் போனதால்தான் அவரைக் கூப்பிட்டோம். உட்கார வைத்துப் பேசினால், மாதா மாதம் 14 கிளையன்ட்டுகளின் ஜிஎஸ்டிஆர்-2பி-யை (சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல்) எடுத்து, பர்ச்சேஸ் பில்லோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்லுக்கு சப்ளையர்களைப் போனில் விரட்டிப் பிடித்து ஏற்ற வைத்தது வரை எல்லாம் அவர் கையால் நடந்திருக்கிறது. எங்களுக்கு அப்போது வேண்டியிருந்ததே அந்த வேலை தெரிந்த ஆள்தான்.

அவருக்கு அப்படி அமைந்தது. மற்றவர்கள் எத்தனை பேரை நான் அந்தக் கட்டுக்குள்ளேயே விட்டிருப்பேன் என்பது இன்றும் உறுத்துகிறது. அதனால் பி.காம். முடித்து, ஆடிட்டர் ஆபீஸிலோ சின்னக் கம்பெனியிலோ ஒன்றிரண்டு வருடம் இருந்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போக நினைக்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் படித்து முடித்தவர்களுக்கும் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கவுண்ட்ஸுக்கு ஆள் தேடுகிறவர் உங்கள் குணத்தைத் தேடவில்லை. அவருக்கு அடுத்த 20-ஆம் தேதி வந்தால் 3பி (ஜிஎஸ்டி வரி கட்டும் மாத ரிட்டர்ன்) போட வேண்டும், பேங்க் 2 மாதமாகச் சரிபார்க்காமல் கிடக்கிறது, ஆடிட்டர் லெட்ஜர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதில் எதை நீங்கள் அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ள முடியும் என்பதைத்தான் அந்த ஒரு பக்கத்தில் தேடுகிறார்.

முதல் வேலை: நோட்டில் ஒரு மாதத்தை எழுதுங்கள்

நண்பரின் ரெஸ்யூமை வாங்கிப் பெயரை மாற்றுவதில் தொடங்காதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது, அவர் செய்த வேலையும் நீங்கள் செய்த வேலையும் ஒன்றாக இருக்காது. ஒரு நோட்டை எடுத்து, கடைசியாக வேலை பார்த்த இடத்தில் ஒரு மாதம் எப்படி ஓடியது என்று தமிழிலேயே எழுதுங்கள். மொத்தமாக யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது, தேதிவாரியாகப் போனால் வரும். 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வரி) கட்ட வேண்டும், அதற்கு லிஸ்ட் எடுத்தது யார்? 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) போட வேண்டும், சேல்ஸ் பில்லையும் கிரெடிட் நோட்டையும் சரிபார்த்தது யார்? 14-ஆம் தேதி 2பி வந்ததும் அதை எக்ஸெலில் இறக்கி ஒப்பிட்டது நீங்களா, அல்லது சீனியரா? 15-க்குள் பிஎஃப், இஎஸ்ஐ சலான். 20-க்குள் 3பி. நடுவில் சம்பளப் பட்டியல், பெட்டி கேஷ், செக் போடுவது, பார்ட்டிக்கு பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் அனுப்புவது, லாரி கிளம்பும் நேரத்தில் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) போட்டுக் கொடுப்பது.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: நானே முழுதாகச் செய்தது, கூட இருந்து உதவியது, பார்த்தது மட்டும். மூன்றாவது வகை ரெஸ்யூமில் வரவே கூடாது. இரண்டாவதை "உதவினேன்" என்றே எழுத வேண்டும். இதில் கொஞ்சம் ஏற்றிச் சொல்லலாம் என்று தோன்றும், வேண்டாம். அக்கவுண்ட்ஸ் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும், அப்புறம் நீங்கள் உண்மையாகவே செய்த வேலையையும் அவர் நம்ப மாட்டார்.

இதற்கு ஒரு சாயங்காலம் முழுவதும் ஆகலாம். ஆகட்டும். மற்ற எல்லாப் படிகளும் இந்த இரண்டு மூன்று பக்கத்திலிருந்துதான் வரப்போகின்றன.

அடுத்து, விளம்பரத்தைப் பேனாவோடு படியுங்கள்

போக நினைக்கிற வேலைகளுக்கான விளம்பரங்களில் ஒரு 10 எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள். டேலி பிரைம் (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்), ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், பிஆர்எஸ் (பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்), அக்கவுண்ட்ஸ் பேயபிள் (நாம் கொடுக்க வேண்டிய பாக்கி), ஸ்டாக் ஸ்டேட்மென்ட், எம்ஐஎஸ் (நிர்வாகத்துக்கான ரிப்போர்ட்) என்று வரும். நௌக்ரி போன்ற தளங்களில் ஆள் தேடுகிறவர் சொல்லைப் போட்டுத்தான் தேடுகிறார். நீங்கள் மாதா மாதம் பேங்க் ஸ்டேட்மென்டை டேலியோடு ஒப்பிட்டுவிட்டு, அதற்கு "பேங்க் வேலைகள்" என்று எழுதியிருந்தால் பிஆர்எஸ் என்று தேடுகிறவர் கண்ணில் படவே மாட்டீர்கள். பிஆர்எஸ் என்ற சுருக்கத்தையும் அதன் முழுப் பெயரையும் ஒருமுறையாவது எழுதிவிடுங்கள்.

நோட்டில் இருப்பதும் விளம்பரத்தில் இருப்பதும் எங்கே பொருந்துகிறதோ அதெல்லாம் ரெஸ்யூமின் மேல் பாதிக்கு வர வேண்டும். விளம்பரத்தில் இருந்து உங்கள் நோட்டில் இல்லாத சொல்லை எடுத்துப் போடாதீர்கள்.

பக்கத்தின் தலைப்பகுதி

பெயர், போன் நம்பர், ஒழுங்கான இமெயில் முகவரி, ஊர். இவ்வளவு போதும். தெருப் பெயர், கதவு எண் தேவையில்லை, ஆனால் ஊரைப் போடுங்கள், அவிநாசியில் இருந்து தினமும் வந்து போகக்கூடியவரா, மதுரையில் இருந்து வந்து தங்க வேண்டியவரா என்று பார்ப்பார்கள். வேறு ஊரில் இருந்தால் "திருப்பூர் அல்லது கோவைக்கு வந்து தங்கத் தயார்" என்று பக்கத்திலேயே எழுதிவிடலாம்.

அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, திருமணம் ஆனதா இல்லையா, பாஸ்போர்ட் நம்பர், இதெல்லாம் பழைய பயோடேட்டா வழக்கம். எடுத்துவிடுங்கள். பெண்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், திருமண விவரத்தைக் கேட்காமலே கொடுத்து உங்களைப் பற்றி ஒருவர் ஏதாவது கணக்குப் போட இடம் தராதீர்கள். ஆதார், பான் எண்ணை ரெஸ்யூமில் எந்தக் காரணம் கொண்டும் போடக்கூடாது, அந்த ஃபைல் எத்தனை கை மாறும் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் வரும் "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து ஆகியவையும் வேண்டாம், அந்த 4 வரியில் ஒரு நல்ல வேலை விவரத்தை எழுதலாம். போட்டோ கேட்டால் மட்டும்.

லட்சியம் என்ற பகுதிக்குப் பதிலாக 3 வரிச் சுருக்கம் எழுதுங்கள். உங்களுக்குக் கம்பெனியிடம் என்ன வேண்டும் என்பதை விட்டுவிட்டு, உங்களிடம் என்ன இருக்கிறது என்பதை வையுங்கள். இங்கே மாதிரிகளைத் தமிழில் தருகிறேன், நீங்கள் எளிய ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்:

"பி.காம். பட்டதாரி. ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகத்தில் 2 வருட அனுபவம். 14 கிளையன்ட்டுகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன், 2பி ஒப்பீடு, பிஆர்எஸ் தனியாகப் பார்த்திருக்கிறேன். டேலி பிரைம், எக்ஸெல் நன்றாகத் தெரியும்."

இந்தச் சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். கீழே உள்ள வேலை விவரம் முடிந்த பிறகுதான் எது உங்கள் பலம் என்று உங்களுக்கே தெரியும்.

வேலை விவரம்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: என்ன வேலை, எவ்வளவு, எதைக் கொண்டு அல்லது எதற்காக. "ஜிஎஸ்டி வேலைகள் பார்த்தேன்" என்று எழுதியிருந்தால் எனக்கு ஒன்றும் புரியாது. பில்லை அடுக்கி வைத்ததும் ஜிஎஸ்டி வேலைதான், ரிட்டர்ன் போட்டதும் ஜிஎஸ்டி வேலைதான். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "மாதம் 14 கிளையன்ட்டுகளுக்கு ஜிஎஸ்டிஆர்-1, 3பி தயாரித்து, சீனியர் பார்த்த பிறகு போர்ட்டலில் தாக்கல் செய்தேன்." இதில் "சீனியர் பார்த்த பிறகு" என்பதால் உங்கள் மதிப்பு குறையாது, படிக்கிறவருக்கு அந்த ஆபீஸ் எப்படி நடந்தது என்பது கண்முன் வரும், நம்புவார்.

"டேலியில் என்ட்ரி போட்டேன்" என்பது "டேலி பிரைமில் நாளுக்கு 60 முதல் 80 வவுச்சர், பர்ச்சேஸ், சேல்ஸ், பேமென்ட், ஜர்னல் நான்கும்" என்று மாறலாம். "பாக்கி வசூல் பார்த்தேன்" என்பது "வாரம் ஒருமுறை பார்ட்டிவாரியாக அவுட்ஸ்டாண்டிங் எடுத்து, 90 நாள் தாண்டியவர்களுக்குப் போன் செய்து, பதிலை எக்ஸெலில் பதிந்தேன்" என்று மாறலாம்.

திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் வேலை பார்த்தவர்கள் ஒரு பெரிய அனுபவத்தை எழுதாமலே விடுகிறார்கள், அது ஜாப் ஒர்க் (வெளி யூனிட்டில் கூலிக்குச் செய்து வாங்கும் வேலை) கணக்கு. நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணியாகி டையிங்குக்குப் போகிறது, காம்பாக்டிங் முடிந்து கட்டிங்குக்கு வருகிறது, ஒவ்வொரு இடத்திலும் டெலிவரி சலான், ஒவ்வொரு இடத்திலும் எடை மாறுகிறது. அனுப்பிய எடைக்கும் திரும்பி வந்த எடைக்கும் உள்ள வித்தியாசம் வழக்கமான கழிவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் டையிங் பில்லைப் பாஸ் செய்ய வேண்டும். இதைச் செய்தவர் என்றால் அந்த வரியை முதல் வரியாக வையுங்கள்: "நிட்டிங், டையிங், காம்பாக்டிங் சலான்களை எடைவாரியாக ஒப்பிட்டு, மாதம் சுமார் 120 ஜாப் ஒர்க் பில்களைச் சரிபார்த்தேன்." ஏற்றுமதிக் கம்பெனியில் உட்கார்ந்து படிக்கிறவர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் இதைச் சொல்லிக்கொடுக்க அவருக்குப் பல மாதம் பிடிக்கும்.

அதேபோல இ-இன்வாய்ஸ், அதாவது சேல்ஸ் பில்லை அரசு போர்ட்டலில் பதிவது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் டர்ன்ஓவர் உள்ள கம்பெனிகளுக்கு அது கட்டாயம் ஆனதால் நடுத்தரக் கம்பெனிகள் பலவற்றுக்கு இப்போது இது தினசரி வேலை. போட்டிருந்தால், தப்பாகப் போனதை ரத்து செய்யவும் தெரியும் என்றால், சேர்த்து எழுதுங்கள்.

எண்கள் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். யாரும் எண்ணி வைத்திருப்பதில்லை, சரி. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பில் வரும், எத்தனை பேங்க் அக்கவுண்ட், எத்தனை ஊழியர்களுக்குச் சம்பளம் போட்டீர்கள் என்று கேட்டால் உங்களுக்கு ஏறக்குறையத் தெரியும். அந்த ஏறக்குறைய எண்ணை "சுமார்" போட்டு எழுதலாம். கிளையன்ட்டின் பெயர், டர்ன்ஓவர், லாபம் ஆகியவற்றை மட்டும் எழுதாதீர்கள். "ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், ஒரு ரைஸ் மில், 3 ஜவுளிக் கடைகள்" என்று வகையைச் சொன்னால் போதும். பழைய கிளையன்ட்டின் ரகசியத்தை எழுதி வருகிறவரை நாளைக்கு எங்கள் கணக்கில் உட்கார வைக்க யோசிப்போம், நான் யோசித்திருக்கிறேன்.

ஒரு வேலைக்கு 5, 6 வரி போதும். அண்மைய வேலை மேலே, பழையது கீழே, பழையதற்கு 2 வரி.

திறமைகள்

"எம்எஸ் ஆபீஸ்" என்று மட்டும் எழுதினால் அது ஒன்றையும் சொல்வதில்லை. எக்ஸெலில் விலுக்அப், சம்இஃப், பிவட் டேபிள் போடத் தெரியுமா? அப்படியே எழுதுங்கள். டேலியில் பழைய இஆர்பி 9 பார்த்தீர்களா, பிரைம் பார்த்தீர்களா? ஜிஎஸ்டி போர்ட்டல், இ-வே பில் போர்ட்டல், வருமான வரி போர்ட்டல், பிஎஃப் போர்ட்டல், இதில் நீங்கள் உள்ளே போய் வேலை செய்தவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். தட்டச்சில் லோயர், ஹையர் பாஸ் செய்திருந்தால் தயவுசெய்து போடுங்கள், பலர் அதைப் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறார்கள், என்ட்ரி வேலைக்கு அது நேரடியான தகுதி. மொழிகளில் தமிழ், ஆங்கிலத்தோடு இந்தியோ தெலுங்கோ பேச வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், வட மாநில பார்ட்டிகளோடு பேச ஆள் தேவைப்படும்.

பாட்டுக் கேட்பது, புத்தகம் படிப்பது என்ற பொழுதுபோக்குப் பகுதி வேண்டாம்.

படிப்பும், சொல்லத் தயங்கும் விஷயங்களும்

பட்டம், கல்லூரி, முடித்த வருடம், மதிப்பெண் சதவீதம், ஒரே வரியில். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் முதல் வேலைக்கு இருக்கலாம், 3 வருட அனுபவத்துக்குப் பிறகு தேவையில்லை.

சி.ஏ. இன்டரில் ஒரு குரூப் பாஸ் செய்து நிறுத்தியவர்கள் அதை மறைக்கிறார்கள். ஏன் மறைக்க வேண்டும்? "சி.ஏ. இன்டர், முதல் குரூப் தேர்ச்சி" என்று எழுதுங்கள், அந்தப் பாடத்தின் கனம் அக்கவுண்ட்ஸில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. படிப்பில் ஆடிட்டரிடம் செய்யும் பயிற்சி) பாதியில் விட்டிருந்தாலும் அந்த மாதங்களை வேலை அனுபவமாகவே எழுதலாம். அரியர் இருந்தால் முடித்துவிட்டதாகப் பொய் எழுதாதீர்கள், "ஒரு தாள் நிலுவை, நவம்பரில் எழுதுகிறேன்" என்பதை ஏற்றுக்கொள்கிற கம்பெனிகள் உண்டு, பொய்ச் சான்றை ஏற்றுக்கொள்கிற கம்பெனி கிடையாது.

இடைவெளி இருந்தால் ஒரு வரி. "2022 முதல் 2024 வரை குழந்தை பராமரிப்பு. இப்போது முழுநேர வேலைக்குத் தயார்." அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, மன்னிப்புக் கேட்கும் தொனியும் தேவையில்லை. அந்த இடைவெளியில் மாறிய ஜிஎஸ்டி விதிகளைப் படித்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போதுதான் படித்து முடித்தவர்கள்

அனுபவம் இல்லை என்று சொல்கிறவர்களிடம் பேசினால் பாதிப் பேருக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. அப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டையும் சரக்குப் பில்லையும் பார்த்தவர், மாமாவின் லாரி ஆபீஸில் லீவில் வவுச்சர் எழுதியவர், மகளிர் குழுவின் கணக்கு நோட்டை அம்மாவுக்காக எழுதியவர். இதெல்லாம் கணக்கு வேலைதான். "குடும்பத்தின் மளிகைக் கடை, 2 வருடம், பகுதிநேரம்: தினசரி விற்பனை, சுமார் 40 வாடிக்கையாளர்களின் கடன் கணக்கு, சப்ளையர் பில்" என்று எழுதுங்கள்.

எதுவுமே இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளலாம். டேலி பிரைமைக் கல்விப் பதிப்பாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், அதில் மாதத்தின் 1, 2 போன்ற சில தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட முடியும், பழக அது போதும். ஒரு கற்பனைக் கடையை உருவாக்கி, 100 வவுச்சர் போட்டு, ஜிஎஸ்டி ரிப்போர்ட் எடுத்து, பேங்க் ரீகன்சிலியேஷன் வரை முடியுங்கள். பிறகு ரெஸ்யூமில் பயிற்சி என்ற தலைப்பில், பயிற்சி என்று தெளிவாகச் சொல்லியே, எழுதுங்கள். நான் முதல்வன் திட்டத்திலோ வேறு எங்கோ படித்த வகுப்பு கணக்கு வேலையோடு தொடர்புடையது என்றால், சான்றிதழ் பெயரோடு நிறுத்தாமல் அதில் என்ன செய்து பழகினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். அதோடு, 3 மாதம் குறைந்த சம்பளத்திலாவது ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உட்கார முடிந்தால் உட்காருங்கள், ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கே ஆள் தேவை அதிகம்.

பக்கத்தின் அமைப்பும் ஃபைலும்

5 வருட அனுபவம் வரை ஒரு பக்கம். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, 11 அளவு, ஒரே எழுத்துரு. கேன்வாவில் கிடைக்கிற இரண்டு பத்தி, வண்ணப் பட்டை, "டேலி 80%, எக்ஸெல் 70%" என்று வட்டம் போட்ட டிசைன்களைத் தவிருங்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் சென்னை, பெங்களூரில் உள்ள பெரிய கம்பெனிகளில் ரெஸ்யூமை முதலில் சாஃப்ட்வேர் படித்துப் பிரித்து வைக்கிறது, இரண்டு பத்தி, டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ் வந்தால் வரிகளைக் கலந்துவிடும், போன் நம்பரே காணாமல் போகலாம். சோதிக்க எளிய வழி இருக்கிறது: பிடிஎஃப்-ஐத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை மாறாமல் படிக்க முடிந்தால் சரி. பிரிண்ட் எடுத்துப் போனில் ஸ்கேன் செய்த ஃபைலில் எழுத்தே இருக்காது, வெறும் படம், அதை அனுப்பாதீர்கள்.

ஃபைலுக்கு "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2" என்று பெயர் வைக்காமல், உங்கள் பெயர், அக்கவுண்ட்ஸ், எத்தனை வருடம் என்று வையுங்கள். டவுன்லோட் ஃபோல்டரில் 50 ஃபைல் கிடக்கும்போது உங்களுடையதைத் தேடி எடுக்க முடியும்.

எழுத்துப்பிழைக்கு ஒரு வார்த்தை. மற்ற வேலைகளில் மன்னிப்பார்களோ என்னவோ, கணக்கு வேலைக்கு வருகிறவர் தன் போன் நம்பரில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் நாளை பில் தொகையையும் அப்படித்தான் போடுவார் என்று நினைக்காமல் இருக்க முடியாது. சத்தமாக வாசித்துப் பாருங்கள், இன்னொருவரிடம் கொடுத்தும் படிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அக்கவுண்ட்ஸில் இருக்கிற யாராவது ஒரு அண்ணனிடமோ அக்காவிடமோ கொடுத்து, "இதைப் பார்த்தால் நான் என்ன வேலை செய்திருப்பேன் என்று தோன்றுகிறது?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதும் உங்கள் நோட்டில் இருப்பதும் வேறாக இருந்தால், எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அனுப்புவது

இமெயிலில் தலைப்பு காலியாக இருக்கக்கூடாது: "அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு, 2 வருட அனுபவம், டேலி, ஜிஎஸ்டி" என்பது போல. உள்ளே 4 வரி, அதில் எப்போது சேர முடியும் என்பதும் இருக்கட்டும். சம்பள எதிர்பார்ப்பைக் கேட்டால் மெயிலில் சொல்லலாம், ரெஸ்யூமில் வேண்டாம்.

திருப்பூர் போன்ற ஊர்களில் பாதி வேலை வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. "ஹாய் சார்" என்று அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். "வணக்கம் சார்" என்று தொடங்கி, பெயர், எந்த வேலை, எங்கே பார்த்தீர்கள், என்ன அனுபவம் என்பதை ஒரே மெசேஜில் எழுதி, அதோடு பிடிஎஃப். காலை 10-க்கு மேல் அனுப்புங்கள், மாதத்தின் 18, 19, 20 தேதிகளைத் தவிர்த்தால் நல்லது, அப்போது அங்கே யாருக்கும் படிக்க நேரம் இருக்காது. வேலை தருவதற்கு ரிஜிஸ்ட்ரேஷன், டிரெய்னிங், டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அந்த நம்பரை விட்டுவிடுங்கள்.

எந்தக் கம்பெனிக்கு எந்த ஃபைலை அனுப்பினீர்கள் என்று தேதியோடு அதே நோட்டில் குறித்து வையுங்கள். போன் வரும்போது அந்த ரெஸ்யூம் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் கேள்வி அதிலிருந்துதான் வரும். "2பி ஒப்பிட்டேன்னு போட்டிருக்கீங்களே, சப்ளையர் பில் போட்டிருக்கார், 2பி-ல வரலை, என்ன பண்ணுவீங்க?" என்பார். நோட்டில் "நானே முழுதாகச் செய்தது" என்று குறி போட்ட வரிகளுக்கு மட்டும், கடைசியாக அப்படி வந்தபோது என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவத்தை முந்தின நாளே சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.